பால்கனித் தொட்டியின் மகிமை

"அந்தத் தொட்டியை மட்டும் விட்டுடுங்க மாப்பிள்ளை, செடி பட்டுப்போயிடும்!" இருமலுக்கிடையே கெஞ்சினார் மாமனார்.

"விடுறதா? உலகமே கும்பிடப்போற மண்ணு மாமா இது!"

ஆய்வுக்கூட இயக்குநரான மாப்பிள்ளை பால்கனியில் மண்டியிட்டு, ஸ்பூனால் பூந்தொட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

புது மருந்து தேடி மலை, குகை, சதுப்பு நிலம் என்று ஊர்ப் பணத்தில் தோண்டாத இடமில்லை, கிடைத்தது முதுகுவலிதான். இன்று வரும் மதிப்பீட்டுக் குழுவிடம் எதையாவது காட்டாவிட்டால் ஆய்வுக்கூடத்துக்கே பூட்டு. கடைசி நேரத்தில், போகிற போக்கில் அள்ளிப்போன வீட்டு மண் கைகொடுத்தது.

"மண்ணுல என்ன மருந்து மாப்பிள்ளை?"

"மண்ணா? போர்க்களம் மாமா! ஒரு சிட்டிகைக்குள்ள கோடிக்கணக்கான நுண்ணுயிர். எல்லாத்துக்கும் இடம் வேணும். பக்கத்துல எவனும் குடிவந்துடக் கூடாதுன்னு சிலது விஷத்தைக் கக்கும். அந்த விஷம்தான் நமக்கு மருந்து. ஒரு தட்டு முழுக்க நோய்க்கிருமியைப் புல்வெளி மாதிரி வளர்த்தேன். நடுவுல இந்த மண்ணைக் கரைச்ச தண்ணி ஒரு சொட்டு. மறுநாள் பார்த்தா, சொட்டைச் சுத்தி வட்டமா அத்தனையும் காலி!"

"எந்த நுண்ணுயிர்னு முதல்ல பிரிச்சுப் பார்க்கணும்னு உங்க உதவியாளரம்மா சொன்னாங்களாமே?"

"அவங்க கிடக்கிறாங்க. நான் பேரே வச்சாச்சு. என் பேரு!"

"கிருமிக்கா? பொருத்தம்தான்."

"நக்கலை விடுங்க. நான் எதிர்ல நின்னு மாத்திரை கொடுத்தும் உங்க இருமல் அடங்குதா? பழைய மருந்துக்கெல்லாம் காலம் போச்சு மாமா. இனி இதுதான்!"

செல்போன் அடித்தது. உதவியாளர். மாமனாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், குழு சீக்கிரமே வந்துட்டாங்க. நீங்க ஏற்கெனவே கொண்டுவந்த மண்ணை அவங்க கண் முன்னாடியே மிஷின்ல சோதிச்சோம். மருந்து இருக்கு சார், சந்தேகமே இல்ல."

"கேட்டீங்களா மாமா!"

"ஆனா மருந்துக்கடையில விக்கிற அதே மருந்து சார். உங்க நுண்ணுயிர் பலே கெட்டிக்காரன். மாத்திரை மேல பூசுற மஞ்சள் சாயத்தையும் அதுவே பூசியிருக்கு."

இயக்குநர் மெல்லத் திரும்பினார்.

"அவ்வளவு பெரிய மாத்திரை தொண்டையில இறங்கலை மாப்பிள்ளை," என்றார் மாமனார். "நீங்க அந்தப் பக்கம் போனதும், தினமும் இதுலதான் துப்பினேன்."