கடலை ஓடு வந்த வழி

பேனா மூடியைத் திறந்த, தேர்வாளராக வந்திருந்த பேராசிரியர் சந்திரசேகரன் கையெழுத்துப் போடவில்லை. ஆய்வேட்டின் முப்பத்தோராம் பக்கத்துக்குத் திரும்பப் போனார்.

அந்தக் கையெழுத்து விழுந்தால் தாரணி இனி டாக்டர் தாரணி. விழாவிட்டால் ஐந்து வருட உழைப்பும் கரியாகப் போகும்.

கரிதான் அவளுடைய ஆராய்ச்சியே. வேர்க்கடலை ஓட்டைச் சுட்டு, நீராவி செலுத்தி, சாயத்தை உறிஞ்சும் கரியாக்கியிருந்தாள். மேசைமேல் இரண்டு குடுவைகள் இருந்தன. ஒன்றில் நீலச் சாயத் தண்ணீர். மற்றதில் அதே தண்ணீர், கரி வழியே இறங்கிய பிறகு, பளிச்சென்று.

அதில் அவருக்குக் குறையே இல்லை. ஓடு எங்கிருந்து வந்தது என்ற வரிதான் உறுத்தியது.

'2001 கார்த்திகை, பெங்களூர் பசவனகுடி கடலைக்காய்த் திருவிழா முடிந்த மறுநாள் தெருவில் பெருக்கிச் சேர்த்தது. பெருக்கியவர்: யசோதா, மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளி.'

"என்னம்மா இது, குப்பைல பொறுக்குனேன்னு தீசிஸ்லயா எழுதுவாங்க? மார்க்கெட்ல வாங்கினதுன்னு மாத்திடு. கையெழுத்துப் போட்டுடறேன்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவளுடைய கைடு, சரியென்று சொல்லித் தொலை என்பதுபோல் கண்ணாலேயே கெஞ்சினார்.

தாரணி சொல்லவில்லை. தூசியும் ஊதுபத்திச் சாம்பலும் போக ஓட்டை ஏழு முறை கழுவியதாக அடுத்த பத்தியில் இருக்கிறதே, கடையில் வாங்கியதை எதற்கு ஏழு முறை கழுவினாய் என்று நாளைக்கு யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று கேட்டாள்.

பேராசிரியர் யோசித்தார். நியாயம் தெரிந்த மனிதர்தான், பாவம். சரி, தெரு இருக்கட்டும், அந்தப் பெயரையாவது எடுத்துவிடு என்று இறங்கிவந்தார். பெருக்குகிறவர்கள் பெயரையெல்லாம் போட்டால் ஆய்வேட்டுக்கு என்ன மரியாதை என்றார்.

அவளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. இதற்கும் தலையாட்டித்தான் பட்டம் வாங்க வேண்டுமென்றால் அந்தப் பட்டமே வேண்டாம்.

"அத எடுத்தா அட்டைலயும் எடுக்கணும், சார்."

ஒன்றும் புரியாமல் அவர் ஆய்வேட்டை மூடி அட்டையைப் பார்த்தார்.

தங்க எழுத்தில் 'ஒய். தாரணி' என்று இருந்தது.

அந்த 'ஒய்' அவளுடைய அப்பாவின் பெயராகத்தான் இருக்கும் என்று அதுவரை அவரும் நினைத்திருந்தார்.