நீட்டிய கை

"அந்த ஒரு ஃபிலிம் துண்டை மட்டும் வெட்டி என் கையில குடுத்துடும்மா. அப்புறம்தான் கையெழுத்து" என்றார் புகைப்படக்காரர்.

அவள் ஃபிலிமை வைத்துப் பார்க்கும் வெளிச்சப் பெட்டியிலிருந்து நிமிரவில்லை. ஆவணக் காப்பகத்தில் இருபது வருஷமாகப் பழைய நெகட்டிவ்களோடு மாரடிக்கிறவள். அவர் வீட்டுக்கு நடையாய் நடந்து, அவர் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் காப்பகத்துக்கே எழுதித் தரச் சம்மதிக்க வைத்ததும் அவள்தான்.

பெட்டிகள் இன்று காலைதான் வந்தன. கையெழுத்து விழும்வரை எல்லாம் அவர் சொத்து. நகல்கூட எடுக்கக் கூடாது. அவர் கொளுத்திப் போட்டாலும் கேட்க முடியாது.

அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஒரே ஒரு படம். வெள்ளத்தில் முங்கிய வீட்டின் கூரைமேல் ஒரு சிறுமி, தன்னந்தனியாக, கையை நீட்டிக்கொண்டு. காப்பாற்றச் சொல்லிக் கெஞ்சுகிறாள் என்று முப்பத்தெட்டு வருஷமாக ஊர் உலகமே உச்சுக்கொட்டியது.

சிக்கல் அந்தத் துண்டில் இருந்த, அதற்கு முந்தைய ஆறு படங்களில். ஆறிலும் கூரைமேல் இரண்டு பிள்ளைகள். கீழ் மூலையில், அவர் நின்றிருந்த படகின் முனை.

அவள் எழுதி வைத்திருந்த விவர அட்டையை அவர் எடுத்துப் படித்தார். "'சிறுமி, மஞ்சள் சட்டை போட்ட சிறுவன்.' கறுப்பு வெள்ளைப் படத்துல மஞ்சளை எங்கம்மா கண்டே?"

"தப்புதான் சார்" என்று ரப்பரை எடுத்து அழித்தாள். அழுத்தித் தேய்த்ததில் அட்டையே கிழிந்தது.

காப்பகத்தின் இயக்குநர் கதவருகே எட்டிப் பார்த்தார். "ஆறு படம்தானே, விட்டுத் தள்ளும்மா. ஆயிரக்கணக்குல வருதுல்ல?" என்று சொல்லிவிட்டு, வந்த வேகத்தில் போய்விட்டார்.

"வெட்டாம இருக்க முடியாதா சார்?"

"படகுல நின்னுக்கிட்டு படம் பிடிச்சானே பாவின்னு காறித் துப்புவாங்கம்மா. இந்த வயசுல எனக்கு இது தேவையா?" அவர் குரல் உடைந்தது. பாவமாகத்தான் இருந்தது.

"வெளிய விடமாட்டேன் சார். பெட்டியில போட்டுப் பூட்டிடுறேன். யாருக்கும் காட்டமாட்டேன், சத்தியமா."

"யாருக்கும் காட்டாத படம் எதுக்கு? என் மானத்தை வாங்கணும்னே பிடிவாதம் பிடிக்கிற!"

அவள் கத்தரிக்கோலை எடுத்தாள். வெட்டவும் மனசில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை. துண்டை மறுபடி வெளிச்சத்தில் வைத்து, அந்தச் சின்ன முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னும் என்னம்மா பாக்குற? குடு" என்று அவர் கையை நீட்டினார்.

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"என் தம்பிக்கு வேற போட்டோவே இல்ல சார்."