பலகையில் ஒரு வரி

செஞ்சி கடைத்தெருவில், செல்போன் கடை மாடியில் ஆங்கில வகுப்பு நடக்கிறது. ஜன்னலுக்கு வெளியே ராஜகிரிக் கோட்டை மலையின் மேல் மாலை வெயில். பஜ்ஜி தின்ற கையைக் கழுவாமலே மாஸ்டர் சாக்பீஸ் பிடித்திருக்கிறார். எண்ணெயில் குழைந்த சாக்பீஸ் மாவு விரலெல்லாம் ஒட்டுகிறது. ஒன்று அளவுக்கு மீறிப்போய் உதவாது என்று சொல்ல 'டூ' போட வேண்டுமாம். "மலை டூ ஹை, ஏற முடியாது" என்கிறார். பிறகு, நாளை ஓர் ஆஸ்பத்திரியில் வரவேற்பாளர் வேலைக்கு நேர்காணல் போகவிருக்கும் லூர்துமேரியைப் பார்க்கிறார். பல்லிடுக்கைத் துழாவிக்கொண்டே எழுதுகிறார்: 'லூர்துமேரி இஸ் டூ டார்க் டு பி எ ரிசப்ஷனிஸ்ட்.' படைத்தவனையே திருத்திவிட்ட பெருமை அந்த முகத்தில். "உன்ன அங்க உக்கார வச்சா பேஷண்ட்டு பயந்துடுவான்மா. தமாசுக்கு சொன்னேன், டென்ஷன் ஆவாத." சிரிப்பு எச்சிலைப் போல் அறையெங்கும் தெறிக்கிறது. லூர்துமேரி நோட்டை மூடிப் பைக்குள் திணிக்கிறாள். கழுத்துச் சிலுவையைக் கட்டைவிரல் தேய்க்கிறது. "ஷோபனா, நீ படி" என்கிறார் மாஸ்டர். லூர்துமேரியின் பக்கத்தில் இருக்கும் ஷோபனா எழுந்து நேரே பலகைக்குப் போகிறாள். தன் புதுத் துப்பட்டாவின் முனையால் அந்த வரியைத் துடைக்கிறாள். "இன்னாமா பண்ற?" "அழுக்கா இருந்துச்சு சார்." எண்ணெய்க் கறையோடு திரும்பி வந்து உட்காருகிறாள். "நோட்ட எடுடி. நாளைக்குப் பேசறத எங்கிட்ட ஒருவாட்டி சொல்லு." லூர்துமேரியின் கை மெல்லப் பைக்குள் போகிறது.