ஆறாவது நிபந்தனை

சூளை வாயை அடைத்திருந்த முதல் செங்கல்லை நான் உருவியபோது மணி பத்து.

அதே பத்து மணிக்கு மெட்ராஸில் கனகா சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வு எழுத உட்கார்ந்திருப்பாள்.

அவள் தேர்வைக் கெடுத்த பாவி நான்தானோ என்ற பயம் எனக்கு. மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. இரண்டு வேளை இறங்கியது, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

விருத்தாசலத்தில் எங்கள் பீங்கான் பட்டறையில் கனகா சாசர் விளிம்புக்குக் கோடு போடுகிறவள். பி.ஏ. படித்தவள். தூரிகையால் போடும்போது கோடு கறுப்பாக இருக்கும், வெந்து வந்தால் நீலமாகிவிடும். நான் சூளை அடுக்குகிறவன்.

தேர்வில் பாதி மார்க் தர்க்கப் புதிருக்கு. யார் யாருக்குப் பக்கத்தில் உட்காருவார், யார் மாட்டார் என்கிற வகை.

புத்தகம் வாங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமையே பன்னிரண்டு புதிரை ஒரே மூச்சில் விழுங்கினாள். மறுநாள் மங்கலம்பேட்டை பஸ்ஸில் கண்டக்டரிடம், முன் சீட்டுக்காரர் பின் சீட்டுக்காரருக்கு இடப்பக்கம் இல்லையென்றால் தனக்கு டிக்கெட் வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம்.

பன்னிரண்டில் ஒன்றுகூட நினைவில் நிற்கவில்லை. புத்தகத்தை என்னிடம் கொடுத்துவிட்டாள். சூளையைப் போலத்தான், சூட்டை மெல்ல ஏற்றினால் பாத்திரம் பிழைக்கும், ஒரேயடியாக ஏற்றினால் வெடிக்கும் என்றேன். ஒரு நாளைக்கு ஒரு புதிர், பத்து நிமிடம், அவ்வளவுதான்.

வேலை இடத்தில் காகிதத்தைக் கண்டால் நல்லமுத்து மேஸ்திரி கிழித்துப் போடுவார். சாசரைக் கண்டால் என்ன செய்வார்?

அதனால் ஒருமுறை சுட்டு, பளபளப்புக்கான கிளேஸ் பூச்சு இன்னும் பூசாத ஒரு சாசரின் அடியில் தினமும் புதிரைப் பென்சிலால் எழுதி அவள் பலகையில் வைப்பேன். விடையை அதிலேயே எழுதித் திருப்பித் தருவாள். நான் சரிபார்த்து கிளேஸ் தொட்டிக்கு அனுப்புவேன். சூளைத் தீயில் பென்சில் எரிந்து, சாசர் பச்சைக் குழந்தை மாதிரி வெளியே வரும். மேஸ்திரி தட்டிப் பார்த்து மெச்சுவார்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு குடுங்க. மூளை இப்பதான் சூடாவுது."

"சூடானது போதுங்க. மிச்சம் நாளைக்கு."

இப்படி நாற்பது நாள். அவளுக்கு ஒன்பது நிமிடம் ஆனது ஏழாகி, ஐந்தாகியது. கடைசியில் நான் சாசரைக் கீழே வைப்பதற்குள் விடை வந்தது என்றால் நம்புங்கள்.

நாற்பத்தோராவது நாள், திங்கட்கிழமை. மறுநாள் முதல் அவளுக்கு லீவு. அன்றைய புதிரை நான் புத்தகத்திலிருந்து எழுதவில்லை.

ஒரு ரயில் பெஞ்சில் ஐந்து பேர். ஐந்து நிபந்தனை. நல்லமுத்து மறு ஓரத்தில்தான் உட்காருவார், என்னோடு சூளையில் வேலை செய்யும் காத்தவராயன் வெற்றிலை துப்புவதால் பெண்கள் பக்கம் வரக்கூடாது என்று இப்படியே போகும். கனகா ஜன்னலோரம். அவள் பக்கத்தில் யார்?

எந்தப் பக்கமிருந்து போட்டாலும் விடை மாயவன் என்றுதான் வரும். மாயவன் என்பது நான்.

அன்று சாசர் என்னிடம் திரும்பவில்லை. அவளே நேராகக் கிளேஸ் தொட்டிக்கு அனுப்பிவிட்டுப் பஸ் ஏறிவிட்டாள். கிளேஸில் முக்கினால் எழுத்தெல்லாம் வெள்ளைக்குள் மறைந்துவிடும். எது அந்தச் சாசர் என்று தெரியாமலே என் கையால் அடுக்கி, என் கையால் வாயை அடைத்தேன்.

நாற்பது நாள் அளந்து அளந்து கொடுத்தவன், கடைசி நாளில் ஒரு மலையைத் தூக்கி அவள் தலையில் வைத்துவிட்டேன். தேர்வு அறையில் அவள் எந்தப் பெஞ்சை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளோ?

செங்கற்களை எடுத்து முடித்ததும் சாசர்களை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். பென்சில் எரிந்துபோயிருக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் புரட்டினேன். நாலாயிரம் சாசர் இருக்கும். சரி, நானூறு.

"அடியில இன்னாய்யா தேடுற? முட்ட கிட்ட வுட்டிருக்குதா?" என்றான் பக்கத்தில் இறக்கிக்கொண்டிருந்த காத்தவராயன்.

எல்லாம் வெறும் வெள்ளை. வெள்ளை. வெள்ளை.

பிறகு ஒன்றில் நீலம்.

என் ஐந்து நிபந்தனைகளும் எரிந்துபோயிருந்தன. அவை இருந்த இடத்துக்குக் கீழே, பென்சிலைத் தொடாமல், கோடு போடும் தூரிகையாலேயே அவள் எழுதியிருந்தாள். கழுவினாலும் போகாது, சுரண்டினாலும் போகாது.

"நிபந்தனை 6: பக்கத்து இடம் காலியாகவே இருக்கும். கனகா வக்கீல் ஆகும் வரை மாயவன் நின்றுகொண்டு வரவும்."

அவள் எழுத்தில் ஒரு நடுக்கம்கூட இல்லை. தேர்வைப் பற்றிய பயம் எனக்கு அந்த நிமிடமே போய்விட்டது.

டீ வந்தது. காத்தவராயன் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டான்.

நான் உட்காரவில்லை.

அதற்குப் பிறகு மூன்று வருடம் நான் எங்கேயுமே உட்காரவில்லை. இதை எழுதும்போதே வக்கீலம்மா எட்டிப் பார்த்து ஆட்சேபணை தெரிவிக்கிறாள், பக்கத்து நாற்காலியிலிருந்து.