முந்தாநாளின் நோயாளி

மருத்துவமனையின் டேட்டாபேஸ் காலையில் படுத்துவிட்டது. அதைப் பராமரிக்கும் தமயந்தி முந்தாநாள் எடுத்த பேக்கப்பை வைத்து ஒருவழியாக அதை எழுப்பினாள். நேற்றைய பதிவுகள் மட்டும் தொலைந்திருந்தன. அவற்றை அவள் திரும்ப ஏற்றத் தொடங்குவதற்குள், சிஸ்டம் தானாகவே நோயாளிகளின் வீடுகளுக்குக் குறுஞ்செய்திகளை அனுப்பிவிட்டது.

மதியம் வரவேற்பில் இருந்தவர்கள் ஒரு பெரியவரை அவளுடைய அறைக்கு அனுப்பினார்கள். சட்டையில் கறுப்புத் துணி குத்தியிருந்தார். கையில் பிளாஸ்க்கும் மாற்று நைட்டியும் வைத்த கூடை.

"எம்பொண்ணு ஜெசிந்தா நல்லாயிருக்கா, சாயந்தரம் வந்து பாக்கலாம்னு மெசேஜ் வந்துச்சும்மா."

தமயந்தி திரையில் தேடினாள். ஜெசிந்தா, நான்காம் மாடி, உடல்நிலை சீர். கறுப்புத் துணியை மறுபடி பார்த்தாள்.

"ஐயா, மன்னிச்சிடுங்க. அது பழைய தகவல். தப்பு எங்களோடது."

"தெரியும்மா. நேத்து நான்தானே மொதப் பிடி மண்ணு போட்டேன். ஆனா மெசேஜைப் பாத்தப்புறம் வீட்ல இருக்க முடியல."

"இப்பவே சரிபண்ணிடறேன் ஐயா" என்று அவள் விசைப்பலகையில் கை வைத்தாள்.

"நான் போனப்புறம் மாத்துங்கம்மா."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். அவர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். சாயங்காலம் அறையைப் பூட்ட வந்த காவலாளியிடம், கொஞ்சம் பொறுங்கள் என்று தமயந்தி சைகை காட்டினாள்.