அவசரமில்லாத ஆள்

"என்ன லாக்லன், புகையிலையா? அவசரமில்லையே? உனக்குத்தான் எதுக்குமே அவசரம் கிடையாதே!"

தபால் நிலையமும் கடையுமாக இருந்த அந்த ஒற்றை அறையில், வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கடைக்காரி எஃபிக்குத் திருப்தியாக இருந்தது. பத்து நாளாக இதையேதான் விதவிதமாகச் சொல்கிறாள். ஒரு தடவைகூட சோடை போனதில்லை.

பத்து நாளைக்கு முன்னால், பயிற்சிக்குக் கிளம்பிய குண்டுவீச்சு விமானம் ஒன்று காலை மூடுபனியில் வழி தவறி, ஊருக்குப் பின்னால் இருக்கும் மலையில் மோதிவிட்டது. உள்ளே ஐந்து பையன்கள். மூத்தவனுக்கு இருபத்து மூன்று வயது. ஒரு ஜெர்மன்காரனைக்கூட அவர்கள் கண்ணால் பார்த்ததில்லை. ஜெர்மன்காரனுக்கு அந்தச் சிரமமே வைக்காமல் ஸ்காட்லாந்து மலையே வேலையை முடித்துவிட்டது.

சத்தம் ஊருக்கே கேட்டது. எஃபிக்கும் கேட்டது. ரேஷன் கூப்பன்களை அப்படியே போட்டுவிட்டு மலையேற முடியுமா? பாதிரியாருக்கு மூட்டுவலி. கான்ஸ்டபிளுக்கு மேலிடத்து உத்தரவு வரவில்லை. ஆடு மேய்க்கும் லாக்லன் மட்டும் ஏறினான்.

காலை ஒன்பதுக்கு ஏறியவன் இறங்கி வந்து தகவல் சொன்னது மாலை நாலு மணிக்கு! ஏறி இறங்க மூன்று மணி நேரம். மீதி நாலு மணி நேரம் என்ன செய்தான்?

கான்ஸ்டபிள் கேட்டதற்கு அவன் சொன்ன பதிலில்தான் ஊர் கொதித்துப் போனது.

"எல்லாரும் செத்துக் கிடந்தாங்க. அப்புறம் என்ன அவசரம்? உட்கார்ந்து ரொட்டியைத் தின்னுட்டு வந்தேன்."

ஐந்து பிணங்களுக்கு நடுவில் ரொட்டி! மலையேறாத அத்தனை பேருக்கும் ரத்தம் கொதித்தது.

கதவு திறந்தது. கறுப்புக் கோட்டு போட்ட ஓர் அம்மாள் தயங்கித் தயங்கி உள்ளே வந்தாள்.

"லீட்ஸ்லேர்ந்து வர்றேன். அந்த விமானத்துல பின்பக்கம் துப்பாக்கிகிட்ட உட்கார்ந்திருந்தவன் என் பையன். டென்னிஸ்."

எஃபி பதறிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டாள். தேநீர் கொடுத்தாள். தன் பங்குச் சர்க்கரையிலிருந்து ஒரு கரண்டி முழுசாகப் போட்டாள், எல்லோரும் பார்க்கும்படியாக.

"பெட்டியைத் திறந்து காட்டவே மாட்டேன்னுட்டாங்க. அப்படியே புதைச்சிட்டோம்" என்றாள் அந்த அம்மாள். "அவங்களை முதல்ல பார்த்தவர் இந்த ஊர்க்காரர்தானாமே?"

"இதோ நிக்கிறாரே! நிதானமா, சாவகாசமா பார்த்தவரு!" எஃபி கையை நீட்டிக் காட்டினாள்.

லாக்லன் தொப்பியைக் கழற்றினான்.

"சிவப்பு முடி, ஐயா. பத்தொன்பது வயசு. பார்த்தீங்களா?"

"பார்த்தேம்மா."

"உயிர் இருந்துச்சா? ரொம்ப... வலிச்சுதா அவனுக்கு?"

"இல்லம்மா. மோதின நொடியே போயிருக்கணும். தூங்குற மாதிரிதான் கிடந்தான்."

"என் மனசு ஆறணும்னு சொல்லலையே?"

"உயிர் இருந்திருந்தா நான் கீழ ஓடி வந்திருக்க மாட்டேனாம்மா? நாலு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஊரையே கேட்டுப் பாருங்க."

அம்மாள் எஃபியைப் பார்த்தாள்.

"அதெல்லாம் ஊருக்கே தெரியும்மா!" என்றாள் எஃபி. "ரொட்டி தின்னுக்கிட்டு உட்கார்ந்திருந்தாரு!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் அந்த அம்மாள் கோபப்படவில்லை. அவள் முகத்தில் பத்து நாளாக இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று தளர்ந்தது.

"அப்போ அவன் கிடந்து தவிக்கலை" என்றாள் மெதுவாக. லாக்லனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவன் அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் கூடவே போனான்.

கதவு மூடியதுதான் தாமதம்.

"பார்த்தீங்களா? பெத்தவ முகத்துக்கு நேரா கூசாம சொல்றான்! கல்லு மனசு!" என்றாள் எஃபி.

யாரும் சிரிக்கவில்லை. வரிசையின் கடைசியில் நின்ற தச்சர் டூகல், அந்த ஐந்து பேருக்கும் சவப்பெட்டி செய்தவர், பஸ் கிளம்பும்வரை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தம்மா ஏறிட்டாங்க. பஸ்ஸும் போயிடுச்சு" என்றார். "இனிமே சொல்லலாம். அஞ்சு பேரையும் பெட்டியில வச்சவன் நான். அந்தச் சிவப்பு முடிப் பையனோட ஒடிஞ்ச காலுக்கு, லாக்லன் தன் கைத்தடியை ரெண்டா முறிச்சு வச்சு, சட்டையைக் கிழிச்சுக் கட்டியிருந்தான்."

எஃபியின் கையில் புகையிலைப் பொட்டலம் அப்படியே நின்றது.

"செத்தவன் காலுக்கு யாராச்சும் கட்டுப் போடுவாங்களா, எஃபி?"