மாதிரி மூட்டை

கிழக்குத் தாம்பரத்து ரேஷன் கடை வாசலில், சுண்ணாம்பு வட்டங்களுக்குள் முகக்கவசம் போட்ட பெண்கள் வெயிலில் வெந்துகொண்டு நிற்கிறார்கள். கொரோனா நிவாரணம் ஒழுங்காகப் போய்ச் சேர்கிறதா என்று பார்க்க வந்திருக்கும் சட்டமன்றக் குழுவின் தலைவர், கடைக்குள் வாய் பிரித்து வைத்த ஒரே மூட்டையின் முன் குனிகிறார். குழுவுக்குக் காட்டவென்று காலையில் வந்திறங்கிய மூட்டை அது. அரிசி வெள்ளை வெளேரென்று கிடக்கிறது. "எல்லாருக்கும் இதே அரிசிதானே?" என்கிறார். "இதேதான் சார்," என்கிறார் கடைக்காரர் கோபு. பக்கத்தில் நிற்கும் அதிகாரியின் பேனா ஓடுகிறது. மீன் விற்கும் செல்வமேரி வட்டத்தைத் தாண்டி உள்ளே வருகிறாள். இடுப்பில் மீன் கூடை. அதில் போன வாரம் அவளுக்குப் போட்ட அரிசி, கறுத்துப் புழு நெளிகிறது. கோபு அவள் தோளைப் பிடித்து இழுக்க, ரவிக்கை கிழிகிறது. அலுமினியக் கூடையின் விளிம்பால் அவர் வாயில் ஓங்கி இடிக்கிறாள். பல்லோடு ரத்தம் தெறிக்கிறது. குழுவோடு வந்த போலீஸ்காரரின் லத்தி அவள் வலது மணிக்கட்டில் இறங்குகிறது. எலும்பு முறிகிற சத்தம் கடைசி வட்டம்வரை கேட்கிறது. அவள் இடது கையால் கூடையை மூட்டைக்குள் கவிழ்க்கிறாள். தோல் கிழிந்து தொங்கும் வலது கையையே முழங்கைவரை உள்ளே விட்டுக் கிளறுகிறாள். வெள்ளை, கறுப்பு, சிவப்பு. இடது கையில் ஒரு பிடி அள்ளித் தலைவரின் முகக்கவசத்துக்கு நேராக நீட்டுகிறாள். "இப்ப எல்லாருக்கும் இதே அரிசிதான் சார். எழுதிக்கோ."